ஒரு நம்பரை நம்புறதுக்கு முன்னாடி கேக்க வேண்டிய கேள்விங்க: அளவீடு, மாடல், முழு வழிகாட்டி

விரல்ல மாட்டுற ஆக்சிமீட்டர் 97ன்னு காட்டுது. ரத்தத்துல ஆக்சிஜன் 97 சதவீதம், சரி, பிரச்சனை இல்லன்னு கழட்டி வச்சிடுறோம். ஆனா அந்தக் கிளிப் ஆக்சிஜனைப் பாக்கவே இல்லங்க. அது விரலுக்குள்ள ரெண்டு லைட் விடுது, ஒண்ணு சிவப்பு, சுமார் 660 நானோமீட்டர், இன்னொண்ணு கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு, சுமார் 940. அந்தப் பக்கம் எவ்ளோ வெளிச்சம் வந்து சேருதுன்னு சென்சார் பாக்குது, நாடி துடிக்கும்போது ஏறி இறங்குற பங்கை மட்டும் பிரிச்சு எடுக்குது, ரெண்டுக்கும் ஒரு விகிதம் போடுது. கருவி உண்மையிலயே அளந்தது அந்த விகிதத்தைத்தான். அதை 97ஆ மாத்துறதுக்கு உள்ள ஒரு கணக்கு இருக்கு, ஆரோக்கியமான ஆளுங்களை ஆக்சிஜன் குறைவான காத்தை சுவாசிக்க வச்சு, அதே நேரத்துல ரத்தம் எடுத்து லேப்ல அளந்து, இவ்ளோ விகிதம்னா இவ்ளோ ஆக்சிஜன்னு தயார் பண்ணின கணக்கு.

அந்த ஆளுங்கள்ல கருத்த தோல் உள்ளவங்க ரொம்பக் கம்மின்னா என்ன ஆகும்? 2020 டிசம்பர்ல அமெரிக்காவுல ஒரு ஆய்வு வந்துச்சு. ஆக்சிமீட்டர் 92லேர்ந்து 96 வரைக்கும் காட்டின அளவீடுகளை மட்டும் எடுத்து, கூடவே எடுத்த ரத்த டெஸ்ட்டோட ஒப்பிட்டாங்க. கருப்பின நோயாளிகள்கிட்ட எடுத்ததுல 11.7 சதவீதத்துல உண்மையான அளவு 88க்கும் கீழ இருந்துச்சு, வெள்ளையின நோயாளிகள்கிட்ட அது 3.6 சதவீதம்தான். கருவி ரிப்பேர் இல்ல, உள்ள இருக்குற மாடல், அதாவது விகிதத்தை ஆக்சிஜனா மாத்துற அந்தக் கணக்கு, எல்லாருக்கும் பொருந்தல.

நான் சொல்ல வர்றது இதுதான். அளவீடு தனி, மாடல் தனின்னு பள்ளிக்கூடத்துல சொல்லிக் குடுத்துட்டாங்க, முதல்ல அளக்கணும் அப்புறம் மாடல் போடணும்னு. நிஜத்துல ஒவ்வொரு அளவீட்டுக்குள்ளயும் ஏற்கனவே ஒரு மாடல் உக்காந்திருக்கு. அதனால ஒரு நம்பர் கைக்கு வந்தா எந்த வரிசையில கேள்வி கேக்கணும்னு கீழ எழுதியிருக்கேன். ஹெல்த் செய்தி படிக்கிறவங்க, புராஜெக்ட் பண்ற ஸ்டூடண்ட்ஸ், ஆபீஸ்ல ரிப்போர்ட் போடுறவங்க யாருக்கும் உதவும். எல்லா நம்பருக்கும் எல்லா ஸ்டெப்பும் தேவைப்படாது.

ஸ்டெப் 1: எதை அளக்க நினைச்சாங்க, எதை அளந்தாங்க

ரெண்டையும் தனித்தனி வரியா எழுதுங்க. பாதி குழப்பம் இங்கயே வெளிய வந்துடும்.

பிஎம்ஐ எடுத்துக்கோங்க. எடையை உயரத்தோட வர்க்கத்தால வகுக்குறது. இதைக் கண்டுபிடிச்ச அடோல்ஃப் கெட்லே 1830கள்ல வாழ்ந்த பெல்ஜியம் நாட்டு வானியல், புள்ளியியல் ஆளு. அவர் கொழுப்பைத் தேடவே இல்ல, "சராசரி மனுஷன்" எப்படி இருப்பான்னு பாத்துட்டு இருந்தார், உயரம் கூடக்கூட எடை எப்படி ஏறுதுன்னு பாக்குறப்போ கிடைச்ச விகிதம் இது. 1972ல அமெரிக்க உடலியல் ஆராய்ச்சியாளர் ஆன்செல் கீஸோட குழுதான் அதுக்கு இன்னிக்கு இருக்குற பேரை வச்சு, பெரிய கூட்டத்தோட உடல் பருமனை ஒப்பிட இது பரவால்லன்னு சொன்னாங்க. கூட்டத்தை ஒப்பிட வந்தது தனி ஆளுக்கு சர்ட்டிஃபிகேட் குடுக்குற வேலைக்கு வந்துடுச்சு. ஒரே 28 பிஎம்ஐ உள்ள ரெண்டு பேர்ல ஒருத்தருக்கு அது தசை, இன்னொருத்தருக்கு வயித்துக் கொழுப்பு. எழுதிப் பாத்தா "அளக்க நினைச்சது: ஆபத்தான கொழுப்பு, அளந்தது: எடையும் உயரமும்". இடைவெளி கண்ணுக்குத் தெரியுது பாருங்க.

மனச்சோர்வு அளக்குற கேள்வித்தாள் ஒண்ணு உலகம் பூரா ஓடுது, 9 கேள்வி, ஒவ்வொண்ணுக்கும் 0லேர்ந்து 3 வரைக்கும், மொத்தம் 27. தூக்கம் கெட்டதுக்கும் தற்கொலை எண்ணத்துக்கும் ஒரே மார்க் விழும். 12 வாங்கின ரெண்டு பேர் ஒரே மாதிரி கஷ்டப்படுறாங்கன்னு அர்த்தம் இல்ல.

தத்துவக்காரங்க இந்த இடத்துல நல்லா சண்டை போட்டிருக்காங்க. பிரிட்ஜ்மன்னு ஒரு இயற்பியலாளர், பின்னாடி நோபல் வாங்கினவர், 1927ல சொன்னார்: ஒரு கருத்துக்கு அர்த்தமே அதை அளக்குற செயல்முறைதான், அதுக்கு மேல ஒண்ணும் இல்ல. கேக்க ஜம்முனு இருக்கு, ஆனா அப்படிப் பாத்தா டேப்பால அளந்த நீளமும் லேசரால அளந்த நீளமும் ரெண்டு வேற வேற விஷயம் ஆயிடும். என்னைக் கேட்டா அவர் பாதி சரி. நம்பரைச் சொல்லும்போது எந்த முறையில அளந்ததுன்னு சேத்தே சொல்லணும்ங்கற பழக்கத்தை அவர்கிட்டேர்ந்து எடுத்துக்கலாம், மீதியை விட்டுடலாம்.

ஸ்டெப் 2: கருவியை எதை வச்சு சரிபார்த்தாங்க

இதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம், கொஞ்சம் நின்னு பாப்போம். தெர்மாமீட்டரே இல்லாத உலகத்துல முதல் தெர்மாமீட்டர் சரியா காட்டுதுன்னு எப்படித் தெரிஞ்சுக்குவீங்க? பாதரசம் சூடு ஏறினா விரியும். ஆனா சூட்டுக்கு ஏத்தாப்ல ஒரே சீரா விரியுதான்னு பாக்க சூடு எவ்ளோன்னு தெரியணும், அது தெரிய தெர்மாமீட்டர் வேணும். சுத்திச் சுத்தி அதே இடம். பனி உருகுற புள்ளி 0, தண்ணி கொதிக்கிற புள்ளி 100ன்னு வச்சு நடுவுல சமமா கோடு போட்டா, பாதரசக் குழாயும் ஆல்கஹால் குழாயும் ரெண்டு ஓரத்துலயும் ஒத்துப்போகும், நடுவுல பல டிகிரி தள்ளி நிக்கும். தண்ணியை ஊத்தி தெர்மாமீட்டர் செஞ்சா இன்னும் மோசம், 4 டிகிரி வரைக்கும் அது விரியறதுக்குப் பதிலா சுருங்கும்.

18ஆம் நூற்றாண்டுல ஜெனிவாக்காரர் டெலுக் ஒரு வழி யோசிச்சார். பனி அளவு குளிர்ந்த தண்ணியும் கொதி தண்ணியும் சம எடையில கலந்தா 50 வரணும், எந்தக் குழாய் 50க்கு கிட்ட காட்டுதோ அதுதான் நல்லது. பாதரசம் ஜெயிச்சுது. ஆனா இதுக்குள்ளயும் ஒரு அனுமானம் இருக்கு, தண்ணியை ஒவ்வொரு டிகிரி ஏத்தவும் ஒரே அளவு வெப்பம்தான் வேணும்னு. அதை எப்படிச் சரிபார்ப்பீங்க? மறுபடியும் தெர்மாமீட்டர்!

1840கள்ல பிரெஞ்சுக்காரர் ரெனோ இந்த வட்டத்தை வேற மாதிரி உடைச்சார். உண்மையான சூடு எதுன்னு கேக்குறதை விட்டுட்டார். ஒரே வகையில பத்து கருவி செஞ்சா, அதுங்க ஒண்ணோட ஒண்ணு ஒத்துப்போகுதான்னு மட்டும் பாத்தார். பாதரசத் தெர்மாமீட்டர்ல கண்ணாடி வகையை மாத்தினா, அதிக சூட்டுல ரீடிங் மாறிப்போச்சு. காத்தை அடைச்ச தெர்மாமீட்டர் தன்னோட தானே முரண்படாம நின்னுச்சு. தன்னோடயே ஒத்துப்போகாத கருவி உலகத்தோட எப்படி ஒத்துப்போகும்? உண்மை என்னன்னு தெரியாமலே மோசமான கருவியைக் கழிச்சுக் கட்டலாம்னு அவர் காட்டிட்டார். இன்னிக்கும் இதே டெக்னிக்தான்: ஒரே ஆளை, ஒரே நாள், அதே வகைக் கருவி ரெண்டால அளந்து பாருங்க.

(கிலோகிராம் கதையும் கிட்டத்தட்ட இதே. 1889லேர்ந்து 2019 மே 20 வரைக்கும் பாரிஸ் பக்கத்துல இருந்த ஒரு உலோக உருளைதான் கிலோ. அதோட நகல்களோட ஒப்பிட்டுப் பாத்தப்போ நூறு வருஷத்துல சுமார் 50 மைக்ரோகிராம் வித்தியாசம் வந்துருச்சு. ஆனா வரையறைப்படி அந்த உருளை எடை குறையவே முடியாது, மீதி உலகம்தான் எடை கூடிருக்கணும்! இப்போ பிளாங்க் மாறிலிங்கற, இயற்கையில மாறாத ஒரு எண்ணை வச்சு வரையறுத்துட்டாங்க.)

ஸ்டெப் 3: என்ன வகை அளவுகோல்

இது சீக்கிரம் முடிஞ்சுடும். 1946ல ஸ்டீவன்ஸ்னு ஒரு உளவியலாளர் நாலு வகை சொன்னார். ரத்த குரூப் மாதிரி வெறும் பேரு, புற்றுநோய் ஸ்டேஜ் மாதிரி வரிசை, செல்சியஸ் மாதிரி சம இடைவெளி, எடை மாதிரி உண்மையான பூஜ்யம் உள்ளது. 40 கிலோ 20 கிலோவோட ரெண்டு மடங்கு, ஆனா 40 டிகிரி 20 டிகிரியை விட ரெண்டு மடங்கு சூடு இல்ல. வலி 8 சொல்றவர் 4 சொல்றவரை விட ரெண்டு மடங்கு துடிக்கிறார்னு யாராவது சதவீதம் போட்டா அங்கயே நிறுத்துங்க.

ஸ்டெப் 4: தப்பு எந்தப் பக்கம் சாயுது

ரெண்டு வகை தப்பு. ஒண்ணு அங்கயும் இங்கயும் ஆடுறது, பல தடவை எடுத்து சராசரி போட்டா அடங்கிடும். இன்னொண்ணு ஒரே பக்கமா சாயுறது, இதை ஆயிரம் தடவை எடுத்தாலும் போகாது, சொல்லப்போனா நிறைய தடவை எடுத்தா தப்பு மேலயே நம்பிக்கை கூடிடும்.

பிபி இதுக்கு நல்ல உதாரணம். பட்டை கைக்குச் சின்னதா இருந்தா அதிகமா காட்டும். கை இதயத்தை விடத் தாழ்ந்து தொங்கினா அதிகமா காட்டும். பேசிட்டே இருந்தா, கால் மேல கால் போட்டிருந்தா, மாடிப்படி ஏறி வந்தவுடனே எடுத்தா, எல்லாமே அதிகம்தான். எல்லாத் தப்பும் ஒரே திசையில போகுது கவனிச்சீங்களா? அதனாலதான் 5 நிமிஷம் சும்மா உக்காந்து, முதுகைச் சாச்சு, பாதம் ரெண்டும் தரையில வச்சு, கையை இதய மட்டத்துல தாங்கி, வாயை மூடிட்டு, குறைஞ்சது ரெண்டு தடவை எடுக்கச் சொல்றாங்க. டாக்டரைப் பாத்தாலே ஏறுற பிபிக்கு வீட்டுல எடுத்த ரீடிங்தான் மருந்து.

ஸ்டெப் 5: கோட்டை யார் போட்டா, எதுக்குப் போட்டா

2017ல அமெரிக்க இதய நோய் அமைப்புங்க உயர் ரத்த அழுத்தத்துக்கான கோட்டை 140/90லேர்ந்து 130/80க்கு இறக்கினாங்க. அந்த நாட்டுப் பெரியவங்கள்ல உயர் ரத்த அழுத்தம் உள்ளவங்க சுமார் 32 சதவீதத்துலேர்ந்து சுமார் 46 சதவீதம் ஆயிட்டாங்க. ஒருத்தரோட ரத்தக்குழாயும் அன்னிக்கு மாறல. கோடு தப்புன்னு சொல்ல வரல, எந்த அளவுல சிகிச்சை ஆரம்பிச்சா பலன் அதிகம்ங்கற முடிவு அது, உடம்புக்குள்ள இருக்குற ஒரு எல்லை கிடையாது. அதே மாதிரி பிஎம்ஐல 25ன்னு உலக சுகாதார நிறுவனம் வச்ச கோட்டுக்கு, ஆசிய மக்களுக்கு 23லயே கவனிக்க ஆரம்பிக்கலாம்னு 2004ல ஒரு நிபுணர் குழு சொன்னாங்க, கம்மி எடையிலயே சர்க்கரை நோய் ஆபத்து தெரிஞ்சதால.

கோடு இலக்கா மாறிட்டா இன்னும் மோசம். பொருளாதார நிபுணர் சார்ல்ஸ் குட்ஹார்ட் 1975ல சொன்னது, ஒரு புள்ளிவிவரத்தை வச்சுக் கட்டுப்படுத்த ஆரம்பிச்சா அந்தப் புள்ளிவிவரம் பழைய மாதிரி நடந்துக்காது. காத்திருக்கும் நேரம் இவ்ளோதான் இருக்கணும்னு உத்தரவு போட்டா, காத்திருப்பு எப்போ ஆரம்பிக்குதுங்கற வரையறைதான் முதல்ல மாறும்.

ஸ்டெப் 6: வகுத்தல் கோட்டுக்குக் கீழ யாரு இருக்கா

பொது சுகாதாரத்துல தப்பாப் போறது பெரும்பாலும் இங்கதான். ஒரு டெஸ்ட் எடுத்துக்குவோம். நோய் உள்ள 100 பேர்ல 90 பேரைப் பிடிக்கும், நோய் இல்லாத 100 பேர்ல 95 பேருக்கு இல்லன்னு சரியாச் சொல்லும். நல்ல டெஸ்ட்தானே. இப்போ 100ல ஒருத்தருக்கு மட்டும் நோய் இருக்குற கூட்டத்துல 10,000 பேருக்கு எடுங்க. நோய் உள்ளவங்க 100, அதுல 90 பாசிட்டிவ். நோய் இல்லாதவங்க 9,900, அதுல 5 சதவீதம், அதாவது 495 பேருக்கும் பாசிட்டிவ். மொத்தம் 585 பாசிட்டிவ், நிஜ நோயாளி 90. பாசிட்டிவ் வந்தவருக்கு நோய் இருக்க வாய்ப்பு சுமார் 15 சதவீதம்தான். அதே டெஸ்ட்டை பாதிப் பேருக்கு நோய் இருக்குற வார்டுல எடுத்தா 95 சதவீதத்துக்கு கிட்ட வந்துடும். டெஸ்ட் மாறல, கீழ இருக்குற ஆளுங்க மாறிட்டாங்க. இந்தக் கணக்கை ஒரு தடவை கைப்பட போட்டுப் பாருங்க, படிச்சா மட்டும் மண்டையில ஏறாது.

கொரோனா ஆரம்பத்துல இறப்பு விகிதம் ஆளுக்கொரு நம்பரா சொன்னாங்களே, காரணம் இதே. ஆஸ்பத்திரிக்கு வந்தவங்களை மட்டும் கீழ போட்டா ஒரு நம்பர், தொற்று வந்த எல்லாரையும் போட்டா வேற நம்பர். 2020 பிப்ரவரியில யோகோஹாமாவுல நிறுத்தி வச்ச டைமண்ட் பிரின்சஸ் கப்பல் அதனாலதான் அவ்ளோ முக்கியம் ஆச்சு, உள்ள இருந்த கிட்டத்தட்ட 3,700 பேர்ல பெரும்பாலானவங்களுக்கு அறிகுறி இருந்தாலும் இல்லாட்டியும் டெஸ்ட் எடுத்தாங்க. பிப்ரவரி 20 வரைக்கும் பாசிட்டிவ் ஆன 634 பேர்ல 328 பேருக்கு டெஸ்ட் எடுத்தப்போ ஒரு அறிகுறியும் இல்ல. வெளிய இருந்தா அவங்க கணக்குலயே வந்திருக்க மாட்டாங்க.

கணக்குல ஆளைச் சேக்குறதும் ஏமாத்தும். தென் கொரியாவுல தைராய்டு ஸ்கேன் பரவலானதும், 1993ஐ விட 2011ல தைராய்டு புற்றுநோய் கண்டுபிடிக்கிறது 15 மடங்கு ஆச்சு. அதனால செத்தவங்க எண்ணிக்கை அப்படியே இருந்துச்சு. பெருகினது நோய் இல்ல, தேடல். இதுல "கண்டுபிடிச்ச பிறகு இவ்ளோ பேர் 5 வருஷம் உயிரோட இருக்காங்க"ன்னு ஒரு சதவீதம் போட்டா அது பிரமாதமா இருக்கும், ஆனா யாருடைய ஆயுளும் ஒரு நாள் கூட நீண்டிருக்கணும்னு இல்ல.

ஸ்டெப் 7: மாடல்ல "இப்படி இருந்தா" எங்க இருக்கு

தொற்று நோய் மாடலோட அடிப்படை 1927ல கெர்மாக், மெக்கெண்ட்ரிக் ரெண்டு பேரும் போட்டது. நோய் வரக்கூடியவங்க, நோய் உள்ளவங்க, விலகினவங்கன்னு மூணு டப்பா, ஒண்ணுலேர்ந்து இன்னொண்ணுக்கு எவ்ளோ வேகத்துல ஆள் நகருறாங்கன்னு சமன்பாடு. இதுலேர்ந்துதான் ஒரு நோயாளி சராசரியா எத்தனை பேருக்குப் பரப்புவார்ங்கற எண் வருது. தட்டம்மைக்கு 12லேர்ந்து 18ன்னு வழக்கமாச் சொல்வாங்க. ஒண்ணை அந்த எண்ணால வகுத்து ஒண்ணுலேர்ந்து கழிச்சா, எவ்ளோ பேருக்கு எதிர்ப்பு சக்தி இருந்தா பரவல் அடங்கும்னு வரும், தட்டம்மைக்கு 92லேர்ந்து 94 சதவீதம். அனுமானம் என்ன? எல்லாரும் எல்லாரையும் சம வாய்ப்போட சந்திக்கிறாங்கன்னு. ஊர் மொத்தம் 95 சதவீதம் தடுப்பூசி போட்டிருந்தாலும், போடாத 5 சதவீதம் ஒரே தெருவுல இருந்தா அங்க தட்டம்மை வரும்.

தப்பான அனுமானம் இருந்தாலே மாடலைத் தூக்கிப் போடணும்னு இல்ல. மலேரியாவைக் கொசு பரப்புதுன்னு நிரூபிச்ச ரொனால்ட் ராஸ்கிட்ட, எல்லாக் கொசுவையும் ஒழிக்க முடியாதப்போ எதுக்கு இந்த வேலைன்னு கேட்டாங்க. அவர் எளிமையான ஒரு கணக்கு போட்டு, கொசு எண்ணிக்கை ஒரு அளவுக்குக் கீழ போனாலே மலேரியா தானா ஓய்ஞ்சிடும்னு காட்டினார். கணக்கு கரடுமுரடுதான், ஆனா "ஒரு வரம்பு இருக்கு"ங்கற விஷயம் அது இல்லாம யாருக்கும் தோணியிருக்காது.

2020 மார்ச் 16ல லண்டன் இம்பீரியல் காலேஜ் குழு வெளியிட்ட ரிப்போர்ட்ல பிரிட்டன்ல 5,10,000 பேர் இறக்கலாம்னு ஒரு நம்பர் இருந்துச்சு. அரசும் ஒண்ணும் செய்யாம, மக்களும் தாங்களா நடத்தையை மாத்திக்காம இருந்தாங்கற நிபந்தனையோட சொன்னது. அதைச் சொன்னதுனாலயே நிபந்தனை உடைஞ்சுது, ஊர் முடங்குச்சு, அப்புறம் "பாத்தீங்களா, 5 லட்சம் வரல, மாடல் பொய்"ன்னு ஒரு கூட்டம் கிளம்புச்சு. ஜோசியம் வேற, நிபந்தனைக் கணக்கு வேறங்க. மாடல் நம்பரைப் படிக்கும்போது அது எந்த "இருந்தா"வுக்குப் பின்னாடி நிக்குதுன்னு தேடிப் பிடிச்சு, அந்த வரியை நம்பரோட சேத்தே ஷேர் பண்ணுங்க.

ஸ்டெப் 8: பொருந்துறதை வச்சு முடிவு பண்ணாம, முரண்படுற இடத்துல அளங்க

வில்லியம் ஃபார்னு ஒருத்தர், இங்கிலாந்தோட பிறப்பு இறப்புப் பதிவுகளை வச்சு வேலை பார்த்த, அந்தக் காலத்துலயே மிகச் சிறந்த புள்ளிவிவர ஆளு. 1848, 49ல லண்டன்ல காலரா வந்தப்போ, தேம்ஸ் நதி மட்டத்துலேர்ந்து ஒரு பகுதி எவ்ளோ உயரத்துல இருக்குன்னும் அங்க எத்தனை பேர் செத்தாங்கன்னும் சேத்துப் பார்த்தார். 20 அடிக்குக் கீழ 10,000 பேருக்கு 102 சாவு, 40லேர்ந்து 60 அடியில 34, 80லேர்ந்து 100 அடியில 22. ஒரு சூத்திரம் போட்டார், அது டேட்டாவோட அப்படியே ஒட்டுச்சு. நதியோரத்துக் கெட்ட காத்துலதான் காலரா வருதுங்கற கொள்கைக்கு இதை விட அழகான சாட்சி வேணுமா? டேட்டா சரி, கணக்கு சரி, பொருத்தம் அற்புதம், காரணம் மட்டும் தப்பு. தாழ்ந்த பகுதிங்க சாக்கடை கலந்த கீழ்நதித் தண்ணியைக் குடிச்சுட்டு இருந்துச்சு.

லண்டன் டாக்டர் ஜான் ஸ்னோ, காரணம் தண்ணிதான்னு சொன்னார். காலரா பரப்பின தெரு பம்ப்போட கைப்பிடியை அவர் சொல்லிக் கழட்டின கதை பல பேருக்குத் தெரியும், ஆனா அதை விட வலுவான வேலையை அவர் 1854ல தெற்கு லண்டன்ல பண்ணினார். அங்க ஒரே தெருவுல ரெண்டு கம்பெனியோட குழாய் ஓடுச்சு, லாம்பெத் கம்பெனி 1852ல தண்ணி எடுக்குற இடத்தை நதியில மேல தள்ளிட்டுப் போயிருந்துச்சு, சவுத்வார்க் அண்ட் வாக்ஸால் அழுக்கான இடத்துலயே எடுத்துட்டு இருந்துச்சு. பக்கத்து பக்கத்து வீடு, ஒரே உயரம், ஒரே காத்து, தண்ணி மட்டும் வேற. காத்துதான் காரணம்னா ரெண்டு வீட்டுலயும் சாவு ஒரே மாதிரி இருக்கணும், தண்ணின்னா இருக்கக் கூடாது.

ஒரு சிக்கல், தங்களோட வீட்டுக்கு எந்தக் கம்பெனி தண்ணின்னு பல பேருக்குத் தெரியல. ஸ்னோ ஒரு சின்னக் குப்பியில தண்ணி வாங்கி சில்வர் நைட்ரேட் ஊத்திப் பார்த்தார். உப்பு இருந்தா வெள்ளையாத் திரியும். அழுக்கான தண்ணியில உப்பு ஒரு கேலனுக்கு 37.9 கிரெய்ன் (அந்தக் காலத்து சின்ன எடை அளவு), லாம்பெத் தண்ணியில 0.95. சுமார் 40 மடங்கு வித்தியாசம், ஏமாற வழியே இல்ல. கடைசிக் கணக்கு: 10,000 வீட்டுக்கு சவுத்வார்க் கம்பெனியில 315 சாவு, லாம்பெத்ல 37.

இதைத்தான் செய்யணும். உங்ககிட்ட ஒரு விஷயத்துக்கு ரெண்டு விளக்கம் இருந்தா, ரெண்டுக்குமே ஒத்துப்போற டேட்டாவை இன்னும் பத்து மடங்கு சேத்தாலும் ஒண்ணும் தேறாது. ரெண்டும் வேற வேற பதில் சொல்ற ஒரு இடத்தை முதல்ல பேப்பர்ல கண்டுபிடிங்க, என்ன வந்தா எந்த விளக்கம் தோக்கும்னு அளக்குறதுக்கு முன்னாடியே எழுதி தேதி போட்டு வைங்க, அப்புறம் அளங்க. அப்படி ஒரு இடம் கிடைக்கவே இல்லன்னா ரிப்போர்ட்ல ரெண்டு விளக்கத்தையும் போட்டு, ரெண்டுக்கும் தனித்தனியா என்ன நம்பர் வருதுன்னு காட்டுங்க, நடுவுல ஒரு சராசரி போட்டு மழுப்பாதீங்க.

ஃபார் உடனே மாறிடல. 1866ல கிழக்கு லண்டன்ல காலரா திரும்பி வந்தப்போ, சாவு எந்தத் தண்ணிக் கம்பெனியோட எல்லைக்குள்ள குவியுதுன்னு வாராவாரம் தன் பதிவேட்டுலேர்ந்தே பார்த்தார். அது கிழக்கு லண்டன் கம்பெனியோட, மூடி போடாத ஓல்ட் ஃபோர்டு நீர்த்தேக்கத்துல போய் நின்னுச்சு. ஸ்னோ செத்து அப்போ 8 வருஷம் ஆயிருந்துச்சு, தண்ணிதான்னு அடிச்சுச் சொல்லி ரிப்போர்ட் எழுதினது ஃபார்தான்.